வெங்காயக் குவியலடியில் கேட்ட கேள்விகள்

இந்தத் தாள்களில் இன்னும் வெங்காய வாசம் இருக்கிறது. காலையில் பிள்ளைக்கு ஏணை கட்டப் பழைய சேலை தேடிய மாமி, என் தகரப் பெட்டியின் அடியில் கிடந்த தாள்கட்டை எடுத்து அடுப்படி வாசலில் வைத்தார்.

"உதுகளை எரிச்சுப் போடு பிள்ளை. அச்சுவேலிப் பக்கம் ஆமிக்காரர் வீடு வீடாத் தேடுகினமாம். அரசாங்கத்தைப் பற்றிச் சனம் என்ன சொன்னது எண்டு எழுதி வைச்சிருக்கிறது எங்கடை வீடு ஒண்டுதான்."

அவர் சொன்னதில் பிழையில்லை. என் மடியில் நான்கு மாத மகள். ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவளைத் தூக்கி அணைத்துக்கொள்கிறேன். தோழி, நீ போய் ஆறு வருடமாகிறது. இவ்வளவு பிந்தி உனக்கு எழுத வைத்ததும் இந்தப் பயம்தான்.

நீ போக முந்தின வருட விடுமுறைக்குக் கோபத்தோடு ஊர் வந்திறங்கினாய். பலஸ்தீனம் பற்றிய கட்டுரைக்காகக் கம்பஸ் நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்திருந்தாய்.

"தலைவர்மார் சொன்னது இருக்கு. சண்டை பிடிச்சவை சொன்னது இருக்கு. அங்கை ஒரு தாய் பாண் விலையைப் பற்றி என்ன நினைக்கிறாள் எண்டு ஒரு வரி இல்லையடி. நாளைக்கு எங்களைப் பற்றி எழுதுறவனும் இப்பிடித்தான் எழுதுவான்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"நாங்களே போய்க் கேப்பம்."

முதல் நாள் தாளும் பேனையுமாக உரும்பிராயில் வீடு வீடாகப் படலை திறந்து ஏறினோம். "வீட்டிலை எத்தினை பேர்?" என்று தொடங்கியதுதான் நாங்கள் விட்ட பிழை. அரிசிக் கூப்பனை வெட்ட வந்தவர்கள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கொழும்பில் வேலை பார்க்கும் மகனும் கலியாணம் கட்டிப் போன மகளும் எல்லோருடைய வீட்டிலும் அன்று பேச்சில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் தன் செத்துப்போன தாயையும் கணக்கில் சேர்த்து, "உள்ளுக்குப் படுத்திருக்கிறா, எழுப்பவேண்டாம்" என்றார். நீ வேலியோரம் குந்தியிருந்து சிரித்தாய். பெண்களோ எதைக் கேட்டாலும், "இவரைக் கேளுங்கோ" என்று உள்ளே போய்விட்டார்கள்.

அடுத்த நாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். வெங்காயம் கிண்டி எடுத்த காலம். பெண்கள் குவியலைச் சுற்றியிருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீயும் நடுவில் இருந்து கட்டத் தொடங்கினாய். கை வேலையாக இருந்தபோது வாய் புருஷன்மாரைத் தேடவில்லை.

"வெளிநாட்டிலையிருந்து வெங்காயம் வாறதை அரசாங்கம் நிப்பாட்டினது நல்லது. எங்கடைக்கு விலை இருக்கு."

"நல்லதோ? பாணுக்கு வரிசையிலை நிண்டு பாத்திட்டுச் சொல்லு."

தோடு மின்ன இருந்த ஒருத்தி தலை நிமிராமலே சொன்னாள்: "இந்தத் தோடு வெங்காயத்திலைதான் வந்தது. ஆனா என்ரை பெடியனுக்குப் புள்ளி இருக்கு, தமிழ்ப் பெடியளிட்டைக் கூடக் கேக்கிறதாலை கம்பசிலை இடமில்லை. தோடு போட்டதுக்காண்டி நான் வாய் மூடோணுமே?"

"அப்ப அரசாங்கம் நல்லதோ கூடாதோ, அக்கா?" என்று கேட்டாய்.

"ஒரு சொல்லிலை கேக்கிறாய். நாங்கள் ஒரு சொல்லிலையே சீவிக்கிறம்?"

அதை அப்படியே எழுதினாய். எவருடைய பெயரையும் எழுதவில்லை. அன்று திரும்பும் வழியில் என்னையும் கேட்டாய்: "உனக்கு என்ன வேணும்? எதுக்குப் பயப்பிடுறாய்?" நான் யோசிக்காமலே, "எனக்கென்ன தெரியும், அப்பாவைக் கேள்" என்றேன். நீ இம்முறை சிரிக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளைக் கட்டின் கடைசியில் வைத்தாய். "இதை நான் நிரப்பமாட்டன். நீதான் நிரப்போணும்."

அடுத்த வருடம் நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. எட்டுச் சிலவுச் சடங்கு முடிந்த அன்று உன் அம்மா தாள்கட்டை என் கையில் தந்தார். வெற்றுத் தாள் கடைசியிலேயே இருந்தது.

போன கிழமை சந்தையில் அந்தத் தோடு போட்ட அக்காவைக் கண்டேன். புது அரசாங்கம் கப்பலில் இறக்கிய பெரிய வெங்காயம் எதிரே மலையாய்க் கிடக்க, அவளுடைய வெங்காயப் பிடிகள் விலைப்படாமல் வாடிக்கொண்டிருந்தன. காதில் தோடில்லை, துளையில் செருகிய ஈர்க்குத்தான். என்னை அடையாளம் கண்டு கேட்டாள்: "நான் சொன்னதை வைச்சிருக்கிறியே, பிள்ளை?"

"ஓம்" என்றேன்.

"வைச்சிரு. எங்களையும் ஒருக்கால் கேட்டவை எண்டு இருக்கட்டும்."

அப்படிச் சொன்னவளின் சொல்லை எப்படி நெருப்பில் வைப்பேன்? இன்று மத்தியானம் அடுப்பைக் காய்ந்த தென்னம்பாளையால்தான் மூட்டினேன். பிள்ளை உறங்கியதும் உன் வெற்றுத் தாளை எடுத்தேன்.

'பால்மா விலை கட்டுப்படியாகுதில்லை. என் மகள் எடுக்கும் புள்ளிக்கு அவளுக்கு இடம் வேண்டும். கதவைத் தட்டுகிறவனை யார் என்று கேட்க எனக்கு உரிமை வேண்டும். பயமாக இருக்கிறது. பயத்தோடுதான் எழுதுகிறேன். யாரையும் கேட்டு எழுதவில்லை.'

மாமி வந்து எட்டிப் பார்த்தார். "எரிச்சிட்டியே?"

"இல்லை மாமி. ஒரு தாள் கூடியிருக்கு."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏணையை ஒருதரம் ஆட்டிவிட்டுத் தாள்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரெல்லாம் கேட்டிருக்கிறியள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "வெங்காயம் உரிக்கக் கிடக்கு. வந்து இரு."

நான் ஒரு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.