வாசிக்காமல் போட்ட கையெழுத்து

ஜூலை 6, ஞாயிறு

மழை. இன்றும் ரப்பர் பால்வெட்டு இல்லை. என் கணவர் ராஜதாஸ் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு சர்ச் ஆராதனைக்கு வந்தார். நல்ல சட்டை வேறு. ஆராதனை முடிந்ததும் போராட்டக் குழு விபின் எல்லாரையும் நிறுத்திச் சொன்னான்: "நாளைக்கு குவாரி ரோட்டில இருப்போம். கல்லும் வேண்டாம், கம்பும் வேண்டாம். டிப்பர் லாரி வந்தா எழும்பாம இருந்தா மதி, அது போதும்."

குவாரியில் வெடி வைத்து வைத்து எங்கள் குளியலறைச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. போகத்தான் வேண்டும். பெரிய பாயை எடுத்து வைத்தேன். சுற்றுலாவுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று மகள் லிஷா சிரித்தாள்.

ஜூலை 7, திங்கள்

அடித்துவிட்டார்கள்.

ஜூலை 9, புதன்

இன்றுதான் எழுத உட்கார முடிகிறது.

பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தோம். பதினோரு மணிக்குப் போலீஸ்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கலைந்து போகச் சொன்னார்கள். சிலர் எழுந்தார்கள், சிலர் எழவில்லை. இவர் எழுந்தவர்தான். எழுந்தவர் பேசாமல் போகக்கூடாதா? பாய் நனைகிறதென்று சுருட்டக் குனிந்தார். குனிந்த மனிதனின் வலது மணிக்கட்டில் லத்தி இறங்கியது. இரண்டு அடி. நான் பார்த்தேன். அதற்குள் என்னைப் பெண் போலீஸ் இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எலும்பு முறிந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு அந்தக் கையில் எதையும் பிடிக்கக் கூடாதாம். அதற்குப் பிறகு கத்தி பிடிக்க வருமா என்று கேட்டேன். டாக்டர், பார்க்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மோகனன் என்றொரு போலீஸ்காரர் வந்தார். பாவம், நல்ல மனுஷன். சாப்பிட்டாச்சா என்று கேட்டார், சாயா வாங்கித் தந்தார். உருண்டை உருண்டையாக மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதி, "ஒரு ஒப்பு போடு சேச்சி, ஆஸ்பத்திரிக் காரியத்துக்காக்கும்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 19, சனி

போராட்டக் குழு வக்கீல் அந்தத் தாளின் நகலைக் கொடுத்தனுப்பியிருந்தார். லிஷா சத்தமாக வாசித்தாள். போலீஸைக் கண்டு ஓடும்போது என் கணவர் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது, யாரும் அடிக்கவில்லை. கீழே என் கையெழுத்து. ஆனந்தபாய் என்று, அழகான தமிழில்.

"அம்மா, இத வாசிச்சிட்டா ஒப்பு போட்ட?"

"வாசிச்சேன்."

எப்படி அந்த வார்த்தை வந்தது! இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அதுதான் வந்துவிட்டது.

விளவங்கோட்டில் தமிழ் படித்துவிட்டு இங்கே கேரளத்துக்குக் கல்யாணமாகி வந்தவள் நான். மலையாளத்தில் சந்தையில் சண்டையே போடுவேன். எழுத்து மட்டும் தெரியாது. வந்த வாரமே சொல்லியிருக்கலாம், வெட்கப்பட்டேன். பிறகு சொல்ல முடியாமலே போயிற்று. கூட்டம் ஏறுகிற பஸ்ஸில் ஏறுவேன். லிஷாவின் மார்க் அட்டையை உற்றுப் பார்த்து, "இன்னும் நல்லா படிக்கணும்" என்பேன். இந்த வீட்டில் அவருக்கும் அவளுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இந்த நோட்டு மேஜைமேல் திறந்தே கிடக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

இவர் என்னிடம் பேசவில்லை. தண்ணீர்கூட லிஷாவிடம்தான் கேட்கிறார். ராத்திரி ஒன்றே ஒன்று சொன்னார்: "பேடிச்சு எழுதிக் குடுத்திருப்ப. போட்டும், விடு."

போலீஸுக்குப் பயந்துவிட்டேன் என்று நினைக்கிறார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

அடித்தவன் முகம் நினைவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தான். மோகனன் முகம்தான் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டாரா? மேலே இருப்பவர்கள் எழுதச் சொன்னதை எழுதினாரா? வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால், உள்ளதை வாசித்திருப்பாரா? சாயா வாங்கித் தந்த கைதானே அதையும் எழுதியது.

அந்தத் தாள் நின்றால் அங்கே அடியே நடக்கவில்லை என்றாகிவிடும் என்கிறார் வக்கீல். அடிபட்ட மற்றவர்கள் கொடுத்த புகாரும் போகும். ரோட்டை மறித்ததாக இவர்மேல் போலீஸ் போட்டிருக்கிற வழக்கு மட்டும் நிற்கும். புகார்கள்மேல் நெய்யாற்றின்கரையில் நாலாம் தேதி விசாரணை.

பயந்தவள் என்று இருந்துவிடலாமா, படிக்கத் தெரியாதவள் என்று ஆகலாமா? இதைப் போய் இத்தனை நாள் யோசிக்கிறேன். அங்கே ஒரு மனுஷன் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விசாரணை அதிகாரி தாளை நீட்டினார். "இது உங்க ஒப்புதானே? வாசிச்சிட்டுதானே போட்டது?"

பின் பெஞ்சில் இவரும் லிஷாவும்.

"இல்ல சாரே. எனக்கு மலையாளம் வாசிக்க அறியாது."

"இத்தனை வருஷம் இங்க இருந்துட்டா?"

யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. பின்னால் திரும்பவில்லை. "நான் கண்டதைத் தமிழில எழுதித் தாறேன்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பெற்றுக்கொண்டதற்கு ஒப்பு போடப் பேனாவைத் திறந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

"வாசிச்சுக் கேட்டிட்டு போடுங்க சாரே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து தமிழ் தெரிந்த கிளார்க்கைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்தையும் வாசிக்க வைத்துக் கேட்ட பிறகுதான் ஒப்பு போட்டார். வாசலில் மோகனன் நின்றிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வழக்கு அப்படியேதான் இருக்கிறது. டிப்பரும் ஓடுகிறது.

சாயங்காலம் இவர் வந்து எதிரே உட்கார்ந்தார். "நேத்து எழுதினதுக்கு நகல் உண்டுல்லா? எனக்கு வாசி."

வாசித்தேன். மணிக்கட்டில் இரண்டு அடி என்ற இடத்தில் நிறுத்தினார்.

"மூணு."

"நான் கண்டது ரெண்டாக்கும்."

"உன்னை இழுத்துட்டுப் போன பெறகு ஒண்ணு. முதுகில. நான் தரையில கிடந்தேன்."

ஒரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம்கூட. ஏன் என்று கேட்டேன்.

"குப்புறக் கமந்து கிடந்து அடி வாங்கினேன்னு எப்படிச் சொல்ல?"

நான் ஒருத்திதான் மறைத்து வைத்திருந்தேன் என்று நினைத்தேனே.

புதுத் தாள் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்ததும் ஆதியிலிருந்து வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, இடது கையால், மெல்ல மெல்லக் கோணல்மாணலாக ஒப்பு போட்டார்.