மூக்கு கழுவிய தண்ணீர்

1979 பிப்ரவரி 6, செவ்வாய்
விடியலில் உறைபனி. பிறகு சுள்ளென்று வெயில். சீகை மரமெல்லாம் மஞ்சளாய்ப் பூத்துவிட்டது, பாழாய்ப்போன பூ. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் போனாலே தும்மல், கண்ணெரிச்சல். மேஸ்திரி எல்லோர் முன்னாலும்: "ஏனுங்க, இந்தத் தும்மல சிலோன்லயே கத்துக்கிட்டு வந்தீங்களா?" நாசமாய்ப் போக.

குன்னூர் ஆஸ்பத்திரியில் போன மாதம் கையில் குத்திப் பார்த்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று சீட்டு. அன்றிலிருந்து நான் பொய்க்காரி. இன்னொரு லீவு போட்டால் பேரை வெட்டுவார்களாம். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போச்சு.

பிப். 8, வியாழன்
மண்ணெண்ணெய் இல்லை. அரிசியில் கல்.
கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் கூப்பிட்டார். குன்னூருக்குப் புது டாக்டராம். "பூந்தூளுக்கு எதிரா உடம்பு ஒரு சத்து உண்டாக்குமுங்க. சில பேருக்கு அது ரத்தத்துல தெரியாதாம். மூக்கே சொந்தமா உண்டாக்கிக்குமாம். மூக்கக் கழுவுன தண்ணியில பாத்துட்டு, வேற வேலை குடுக்கச் சொல்லி எழுதித் தருவாருங்க."

மூக்கென்ன பேக்டரியா, சொந்தமாக உண்டாக்க? இத்தனை அக்கறை எதற்குத் திடீரென்று? சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய முகாமில் பக்கத்துக் கொட்டகை அக்காவிடம் இப்படித்தான் சளி வாங்கிப் போனார்கள். மறுநாள் காசம் என்று அவளைத் தனியாக வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகள் எங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதன. நான் தரமாட்டேன்.

பிப். 9, வெள்ளி
போகாவிட்டாலும் பேரை வெட்டுவார்கள். தங்கச்சி செல்வி சொன்னாள்: "எனக்கு ஒரு நோவும் இல்லத்தானே அக்கா. ஒங்க பேர்ல நான் போறேன்."

எனக்கு ஏலாத நாளில் கொழுந்து மலையில் என் பேருக்கு அவள் நிற்பது வழக்கம்தான். முக்காடு போட்டால் அச்சு அசல் நான். புது டாக்டர் என்னைப் பார்த்ததேயில்லை. "வேணாம் புள்ள, அந்த டாக்டர் நல்ல மனுசனாட்டம் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். "முகாம்லயும் நல்லாத்தான் சிரிச்சாங்க" என்றேன்.

பிப். 12, திங்கள்
செல்வி போய்வந்தாள். மூக்கில் உப்புத் தண்ணீர் விட்டுக் கிண்ணத்தில் பிடித்தார்களாம். "தொண்டையெல்லாம் உப்புக்கா." அப்பாடா என்றிருக்கிறது.

பிப். 21, புதன்
முடிவு வாங்கவும் அவளே போனாள். டாக்டர் சொன்னாராம்: "ரத்தத்துலயும் இல்லீங்க, மூக்குலயும் இல்லீங்க. தாராளமா வேலைக்குப் போங்க." அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தேவர்சோலைக்காரிக்கு மூக்குத் தண்ணீரில் தெரிந்ததாம். வேலையை மாற்றச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுத்தாராம், அவளுடைய எஸ்டேட்டுக்கு.

பாவி மனுசன், நிஜமாகவே நல்லவன்.

பிப். 22, வியாழன்
சீட்டை மேஸ்திரி சத்தமாய் வாசித்தான். நாளையிலிருந்து சீகை ஓரத்து மலைக்குத்தான் என் பேர். உண்மையைச் சொன்னால் செல்வி பேரையும் சேர்த்து வெட்டுவார்கள். அவள் காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. தும்மல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும்.