கடைசியாகக் காயும் கோடு

இன்று காலை சிதம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தைத் துடைத்துவிட்டு நின்றேன். மின்விசிறிக் காற்றில் சிமென்ட் தரை முழுக்க உலர்ந்துவிட்டது. விரிசல் ஓடிய இடம் மட்டும் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. உடனே உன் நினைவு வந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நம் இருவருக்கும் சோறு போட்டதே அந்த ஈரக் கோடுதான். ஆழ்துளையிலிருந்து எடுத்த உருளை வடிவப் பாறைத் துண்டுகளை ஷெட்டில் அடுக்கி, ஸ்பஞ்சால் நனைத்துவிட்டுக் காத்திருப்போம். விரிசல் இருந்தால் அது கடைசியில்தான் காயும். "அவசரப்படாதடி, கல்லே சொல்லும்" என்பாய். டீயைக்கூட ஆறவைத்துக் குடிக்கிறவள் நீ.

கடலூர்ப் பக்கம் என் ஊருக்கு அடியில், ஆலைகள் கக்கும் கரியமில வாயுவைப் புதைக்கலாமா என்று பார்க்கும் வேலை அது. வாயுவுக்கு மேலே மூடியாக உட்கார்ந்திருக்கும் களிப்பாறையில் பழைய விரிசல் இருந்தால், அழுத்தம் ஏற ஏற அது வாய் பிளக்கும். வாயு எங்கள் குடிதண்ணீர் வரை ஏறி வந்துவிடலாம். அந்தப் பாறையில் ஒரு கோடு காயாமல் நின்றதை முதலில் பார்த்தவள் நான். துளையிடும் இயந்திரம் முறித்ததா, பூமிக்குள்ளேயே இருந்ததா என்பதுதான் கேள்வி. பழைய விரிசலில் சுண்ணாம்பு படிந்திருக்கும், ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைக்கும். அன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக நான் கடலூர் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. நீ பார்த்துக்கொள்வதாகச் சொன்னாய். சாயங்காலம் போனில், "நுரைக்கலடி. மெஷின் ஒடச்சதுதான்" என்றாய்.

நான் மறுபடி சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் உன்னைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும். அறிக்கையில் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். நீ திட்டத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தாய், நான்தான் இனிப்பு வாங்கி வந்தேன்.

வலை காயப்போடும் மணலில் ஊர் கூடியபோது, பயந்துபோயிருந்த சனத்திடம், பாறையில் பழைய விரிசல் இல்லை, பயப்பட வேண்டாம் என்று பேசியதும் நான்தான். அம்மாவின் தம்பி, படகு வைத்திருக்கும் என் மாமா, எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அது சொன்னா சரி. நம்ம பொண்ணு பொய் சொல்லாது" என்றார். அதோடு கூட்டம் கலைந்தது.

நீ போய் நாற்பது நாளாகிறது. போன வாரம் உன் கணவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாயாம். உன் பழைய காட்டன் புடவைத் துண்டில் அந்தக் கல். எது மேல்பக்கம் என்று நீ போட்ட நீல அம்புக்குறி. பக்கத்தில் உன் எழுத்தில் அன்றைய தேதி, கீழே ஒரே வார்த்தை: நுரைத்தது.

நீ தவறாகப் பார்த்திருந்தால் மன்னித்திருப்பேன். சரியாகப் பார்த்து, எழுதியும் வைத்துவிட்டு, எனக்குப் போன் செய்திருக்கிறாய். அதன் பிறகும் மாமா பிடித்துவந்த வஞ்சிரத்தை என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய். ஒரு தடவையாவது வாய் திறந்திருக்கலாம். இப்போது கல்லை அனுப்பிவிட்டு, ஏன் என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய்.

இன்னும் வாயுவை இறக்கவில்லை. அடுத்த மாதம் தொடங்குவார்கள். அதனால் இன்றே ஊருக்குக் கிளம்புகிறேன். கல் பையில் இருக்கிறது. மாமா முன்னால் வைத்து நனைப்பேன். உன்னைப் போலவே அவசரப்படாமல், அந்தக் கோடு மட்டும் மிஞ்சும்வரை காத்திருப்பேன். உன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஊர் நம்பியது உன்னை இல்லையே.

"மாமா, ஒங்க பொண்ணு பொய் சொல்லிடுச்சி" என்பேன்.