உன் பிள்ளைக்கு வந்திருப்பது அம்மை இல்லை அக்கா

லகாட், ஈப்போ,
ஞாயிறு இரவு

அன்புள்ள புனிதா அக்காவுக்கு,

கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. மச்சானுக்குக்கூட முழுவதும் படித்த பிறகு நீயே சொல், அத்தை கையில் மட்டும் கிடைக்க விடாதே. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று வழக்கம்போல் எழுத எனக்கு மனம் வரவில்லை, பிள்ளை கவினேஷ் நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தேர்வு முடியும்வரை என் கைப்பேசியை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். அம்மாவின் போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பார், நீயும் ஸ்பீக்கரில் போட்டு அத்தையோடு சேர்ந்துதான் பேசுவாய். பக்கத்து வீட்டு யுகேந்திரன் அண்ணன் காலையில் லாரி எடுத்துக்கொண்டு உங்கள் ஜொகூருக்குக் கிளம்புகிறார். உனக்காக அம்மா கட்டி வைத்திருக்கும் வேப்பிலை, மஞ்சள், கேப்பை மாவு எல்லாவற்றுக்கும் அடியில் இதை வைக்கப் போகிறேன்.

அப்பாவுக்கு ஈப்போ பேரங்காடியில் இன்னும் இரவுக் காவல்தான், முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தீபாவளி வருவதால் அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்திருப்பதில்லை. நீ போன வாரம் அனுப்பிய பிள்ளையின் படத்தை அம்மா எனக்கும் காட்டினார். வாயைச் சுற்றிச் சிவந்து உரிந்திருக்கிறது, விரல் நுனிகளிலும் பின்பக்கத்திலும் அப்படியே, ஆனால் நெஞ்சும் வயிறும் சுத்தமாக இருக்கின்றன. அம்மை அப்படி இடம் பார்த்தா வரும் அக்கா? நீ தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய்த் தாய்ப்பாலை நிறுத்திய பிறகுதானே இது ஆரம்பித்தது, வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை, தலைமுடியும் கொட்டுகிறது என்றாய். அத்தை வாசலில் வேப்பிலை கட்டி, மூன்று தண்ணீர் ஊற்றியும் அம்மை இறங்கவில்லை என்று மறுபடியும் ஊற்றப் போகிறாராம். ஆத்தா வந்திருக்கும்போது கிளினிக்குக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனா கோவம் அதிகமாயிரும்லா என்று அவர் போனில் சொன்னதை நானும் கேட்டேன். அம்மாவும் ஆமாம் அண்ணி என்றார். அம்மா அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் அம்மாவுக்குத் தெரியும்.

நான் தினமும் விழுங்கும் மாத்திரை வைட்டமின் இல்லை. எனக்குப் பிறவியிலேயே ஒரு குறை, சாப்பாட்டில் இருக்கும் துத்தநாகச் சத்தை என் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. ஜிங்க் என்று டாக்டர் சொன்னபோது, கூரைக்குப் போடுற ஜிங்கா டாக்டர் என்று அம்மா கேட்டாராம். குழந்தையில் எனக்கு அம்மை போட்டுத் தலை வழுக்கையானது என்று நீ என்னை மொட்டச்சி, மொட்டச்சி என்று கூப்பிடுவாயே, அது அம்மையே இல்லை. அப்போது நாம் இருந்த சுங்காய்த் தோட்டத்தில் எல்லாரும் ஆத்தா என்றுதான் சொன்னார்கள். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் திட்டி ஈப்போவுக்கு அனுப்பிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். மருந்து கொடுத்த சில நாட்களிலேயே புண் காய ஆரம்பித்ததாம். உன் பரிசத்தன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று நீ எவ்வளவு வருத்தப்பட்டாய்! வீடு நிறைய உறவுக்காரர்கள் தங்கியிருந்தார்கள் என்று அம்மா என் மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டார், சில வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லி என்னை உள்ளே வைத்துப் பூட்டினார். அத்தைக்குத் தெரிந்தால் உன் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். சூடத்தில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அதை இப்போது மீறுகிறேன்.

நீ பயப்படாதே அக்கா. இது மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் மருந்து கொடுக்காமல் விட்டால் பிள்ளை தாங்க மாட்டான். அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் நாளைக்கே தூக்கிக்கொண்டு போ. என் தங்கைக்கு இந்தக் குறை இருக்கிறது, இவனுக்கும் இரத்தத்தில் ஜிங்க் பாருங்கள் என்று வாய் விட்டுச் சொல். மாவுக்குள் என்னுடைய பழைய மருந்துப் புட்டி இருக்கிறது, மேலே ஒட்டியிருக்கும் பெயரை அவர்களிடம் காட்டு. வேண்டுமென்றுதான் காலியாக அனுப்புகிறேன், என் அளவைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தவும் கூடாது, ஆயுசுக்கும் வேண்டும்.

அத்தை உன்னைக் குறை சொல்வார், ஒங்கம்மா வீட்டுச் சீக்கைக் கொண்டாந்துட்டியே என்பார். தலை குனியாதே. போன வருடம் நானே டாக்டரிடம் கேட்டேன். தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் இந்தக் குறை பிள்ளைக்கு வரும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாது என்றார். எனக்கு வந்ததென்றால் அப்பா பக்கத்திலும் அது இருக்கிறது. அத்தை யார், அப்பாவின் கூடப்பிறந்த அக்காதானே! சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டதால் உன் பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் சேர்ந்திருக்கும். இதில் யார் யாரைக் குறை சொல்வது? சண்டைக்காக இதைச் சொல்லாதே, உன்னைத் தடுத்தால் மட்டும் சொல். மச்சான் நல்லவர், கேட்டால் காரைக் கிளப்பிவிடுவார்.

கவினேஷ் நன்றாக வளர்வான், ஓடுவான், பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுவான். எனக்கே இப்போது பின்னல் இடுப்பைத் தொடுகிறது, அவன் தலையிலும் முடி அடர்த்தியாக வரும் பார். சித்தியின் முத்தத்தை அவன் நெற்றியில் கொடு, கன்னம் எரியும். முருகன் உங்கள் மூவரோடும் இருப்பார். மறந்துவிடாதே, நாளைக்கே, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். தூக்கம் வரலை, புள்ள படத்தையே பாத்துக்கிட்டிருக்கேன் என்கிறார். கதவைத் தொற துளசி, ஒனக்கும் மொதல்ல இப்படி வாயோரந்தான்டி வந்துச்சு