குழியானை நிற்காமல் போன வியாழக்கிழமை

ஹோல்ம்வில், நெப்ராஸ்கா
1948 நவம்பர் 14

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல் இருந்தால் எனக்கு அது போதும். குழந்தைக்குப் பின்னிய காலுறை பார்சலில் வருகிறது, கம்பளி என்பதால் வெந்நீரில் போட்டுவிடாதே, போன தடவை அனுப்பியது சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆச்சு என்று நீயே எழுதியிருந்தாய். இங்கே சோளம் அறுத்து முடிந்தது, பனி இன்னும் விழவில்லை, சிவப்புப் பசு பால் வற்றிவிட்டது. கடிதம் நீலத் தாளில் வருவதைப் பார்த்து அம்மாவுக்கு என்ன வந்தது என்று யோசிப்பாய், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பா இப்போது குழியானை ஓட்டுவதில்லை. டவுனில் ரயில் கம்பெனியின் சரக்குக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார். மாப்பிள்ளை குழியானை என்றால் என்ன என்று கேட்டால், தனியாக எஞ்சின் இழுக்காமல் தன் மூக்கிலேயே மோட்டாரை வைத்துக்கொண்டு ஓடுகிற ஒற்றைப் பெட்டி ரயிலுக்கு இந்த ஊர் வைத்த பேர் என்று சொல்லு. முன்னால் மோட்டார், அதை ஒட்டியே அப்பாவின் நாற்காலி, நடுவில் தபால் பையும் க்ரீம் கேனும் கோழிக்குஞ்சுப் பெட்டியும், பின்னால் நாற்பது பேருக்கு இடம், அதில் உட்காருகிறவர்கள் நாலு பேர். அந்த மோட்டார் பக்கத்தில் இருபத்து மூன்று வருஷம் உட்கார்ந்தால் காது என்ன ஆகும்? சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது, கதவு தட்டினால் கேட்காது. கேட்டால், "வீட்லதான் கேக்காது, மோட்டார் ஓடுறப்ப எனக்கு நல்லாவே கேக்கும்" என்பார். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் காதுப் பக்கம் கைக்கடிகாரம் பிடித்துப் பார்ப்பார், அதிலும் தேறிவிடுவார். டாக்டரின் புருவத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் கண்டக்டர் ஹார்லனுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் இடத்துக்கு டுவெய்ன் வந்தான், போன வருஷம் கல்யாணமானவன், கைக்குழந்தைக்காரன், கம்பெனி விதிப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவன். அந்த வியாழக்கிழமை பல் பிடுங்கிக்கொண்டு நானும் அதில்தான் திரும்பி வந்தேன். ஸ்டூர் அம்மாள் முட்டை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு எதிரே இருந்தாள். அவள் இறங்குவது மேற்குச் சாலை தண்டவாளத்தைக் குறுக்கிடும் இடத்தில், அதற்குச் சற்று முன்னால் வண்டி நிற்கும். வியாழக்கிழமை அவள் தவறமாட்டாள் என்பதால் பள்ளிக்கூட பஸ்காரரும் வண்டிக்குக் காத்திருக்காமல் கடந்துவிடுவார், யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. டுவெய்ன் ஓட்டுபவருக்கு ஊதல் கொடுக்கிற கயிற்றை மூன்று தரம் இழுத்தான். அடுத்த இடத்தில் நிறுத்து என்று அர்த்தம். வண்டி வேகம் குறையவில்லை. மறுபடி மூன்று தரம் இழுத்துவிட்டு முன்பக்கம் ஓடினான். அதற்குள் சாலையைத் தாண்டிவிட்டோம். தண்டவாளத்தில் முன்சக்கரத்தை ஏற்றிவிட்ட பஸ் எப்படியோ பின்னால் நகர்ந்து தப்பியிருந்தது. ஜன்னலில் ஒரு பெண் குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பல்வலி கூட மறந்துபோனது.

அப்பா அன்றைக்கே ரிப்போர்ட்டில் கண்டக்டர் கயிறு இழுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பொய் சொன்னார் என்று நினைக்காதே, அவர் நம்பித்தான் எழுதினார். "ஸ்டூர் அம்மா அவங்க அக்கா வீட்ல தங்கிட்டாங்கன்னு நெனச்சேன், இழுத்தா நிக்கப் போறேன், இழுக்கலைன்னா போகப் போறேன், இதுல என் தப்பு என்ன இருக்கு?" என்று உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே சொன்னார். டுவெய்னை விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினார்கள்.

மறுநாள் ஆப்பிள் கேக் எடுத்துக்கொண்டு ஹார்லனைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னதும் மனிதருக்கு முகம் வெளுத்துப் போனது. "நான் ஆறு வருஷமா அந்தக் கயித்தைத் தொடவே இல்ல, இங்கெபோர்க்" என்றார். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் கண்ணாடிக்குப் பக்கத்தில் காபி டப்பா மூடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு நூலைப் பின்னால்வரை கொண்டுவந்திருக்கிறாராம். நூலை இழுத்தால் மூடி ஆடும், உன் அப்பா பார்த்து நிறுத்துவார். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லையாம். "வலியில டுவெய்ன்கிட்ட சொல்ல மறந்துட்டேன், இப்ப சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்று படுக்கையில் கிடந்து அழுதார். பென்ஷனுக்கு அப்பாவுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேரிலேயே சொன்னேன். டுவெய்ன் இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன், நீங்களே போய்க் காது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றேன். பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்றது கேக்கல" என்றார். நிஜமாகவே கேட்கவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று நாள் பொறுத்தேன். கைக்குழந்தைக்காரன் வீட்டில் சும்மா இருக்கிறான், பஸ் தினமும் அந்தச் சாலையில்தான் போகிறது. நாலாம் நாள் கம்பெனி சூப்பிரண்டெண்டுக்கு எழுதினேன். கயிறு மூன்று தரம் இழுபட்டது, ஓட்டுபவருக்குக் காது கேட்காது, இவ்வளவுதான். ஹார்லன் பெயரையும் டப்பா மூடியையும் எழுதவில்லை. என் பெயரையும் போடவில்லை. போன் பக்கத்தில் ஆணியில் தொங்குமே, கோழித் தீவனக் கடைக்காரர் கொடுத்த பச்சைக் கோடு போட்ட தாள், அதில் எழுதி, மேலே இருந்த சேவல் படத்தைக் கத்தரித்துவிட்டு அனுப்பினேன்.

அந்த வாரமே அப்பாவைக் கூப்பிட்டு வேறு டாக்டரிடம் காட்டி வண்டியிலிருந்து இறக்கினார்கள், பழைய ஆள் என்று பென்ஷன்வரை கிடங்கில் இடம் கொடுத்தார்கள். டுவெய்ன் வேலைக்குத் திரும்பிவிட்டான். கடிதத்தை அப்பாவிடமே காட்டினார்களாம். வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் அந்த ஆணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தாளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். நான் செய்தது தப்பில்லை, ஆனால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பாவுக்கு எழுதும்போது எழுத்தைப் பெரிதாக எழுது, போனில் கூப்பிட்டுச் சிரமப்படாதே. சரக்குக் கிடங்கைப் பற்றிக் கேள், குழியானையைப் பற்றிக் கேட்காதே. குழந்தைக்குக் காதுவலி வந்தால் எண்ணெய் விடாமல் டாக்டரிடம் காட்டு. கடவுள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும்.

நேற்று சனிக்கிழமை, அப்பா மருந்துக் கடையிலிருந்து இந்த நீலக் காகிதக் கட்டை வாங்கி வந்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தார். "இனிமே யாருக்கு எழுதினாலும் இதுல எழுது. கீழ உன் பேரையும் போடு" என்றார். உனக்கு இத்தனை வருஷம் அம்மா என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இங்கெபோர்க் நீல்சன்