கெட்சியா என்று ஏன் சொன்னீர்கள், அப்பா?

என் ஆசை அப்பாவுக்கு,

உங்கள் பேத்தி பிறந்துவிட்டாள். உங்களைப் போலவே அகன்ற நெற்றி, கோபமும் அப்படித்தான். இந்த எஸ்பியர்க் ஊர்க் காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிறது, அவள் என் மடியில் நல்ல நித்திரை. இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் வயிற்றைப் பார்த்து, "பொம்பிளைப் பிள்ளையெண்டா கெட்சியா எண்டு வை, பிள்ளை" என்றீர்கள். "அதென்ன பேர் அப்பா?" என்றேன். "பைபிளில கிடக்கு, பிறகு சொல்லுறன்" என்றீர்கள். அந்தப் பிறகு வரவேயில்லை.

தேடிப் பார்த்தேன். எபிரேயப் பெயராம். மரத்திலிருந்து உரித்தெடுக்கும் வாசனைப் பட்டை, நம்முடைய கறுவாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி. பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் டெனிஷ் தாதியிடம் சொன்னேன். "அப்போ இவளைப் பேக்கரிக் கறுவா பணிஸ் என்று கூப்பிடலாமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வாசனை நல்லதுதானே, இதையே வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகுதான் பைபிளை எடுத்து வாசித்தேன். கெட்சியா யோபுவின் மகள். முதல் பிள்ளைகள் எல்லாரும் வீடு இடிந்து செத்த பிறகு, கடவுள் மறுபடி கொடுத்த மகள். பைபிளை மூடி வைத்துவிட்டேன்.

அப்படியென்றால் என் மூத்தவள்? மூச்சில்லாமல் பிறந்து இந்த ஊர்ச் சேமக்காலையில் மண்ணுக்குள் கிடக்கிறாளே, அவளுக்கு ஈடாகத்தான் இவள் என்றா சொன்னீர்கள்? ஒருத்தி போனாள், ஒருத்தி வந்தாள், சரியாகிவிட்டது என்றா? அப்படி நினைக்கிற ஆள் இல்லையே நீங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அவளுடைய கல்லடியில் நின்றுகொண்டு, வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர் அல்லவா? இல்லை, என்னைத் தேற்றத்தான் சொன்னீர்களா? ஒன்றும் விளங்கவில்லை, அப்பா.

உங்கள் மருமகன் அன்ரனிடம் கேட்டேன். "மாமா வாசமான பேர் எண்டுதான் சொல்லியிருப்பார். நீர் ஏன் போட்டுக் குழப்புறீர்?" என்றார். அம்மாவோ, "அந்த மனுசன் எனக்கே ஒண்டையும் விளங்கச் சொன்னதில்லை" என்று அழுதா. இதற்கிடையில், பெயரைப் பதியச் சொல்லி அரசாங்கத்திடமிருந்து நினைவூட்டலும் வந்துவிட்டது.

நேற்று அதே கதையைத் திரும்ப வாசித்தேன். பின்னால் பிறந்த மூன்று பெண்களுக்கும் பெயர் இருக்கிறது. செத்துப்போன மூன்று பெண்களுக்கு ஓரிடத்திலும் பெயர் இல்லை. எங்கள் மூத்தவளின் கல்லிலும் இல்லை. 'எங்கள் குழந்தை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. பெயர் வைத்தால் இன்னும் நோகும் என்று அன்ரனும் நானும் பயந்துவிட்டோம்.

நீங்கள் நினைத்தது எது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. உங்கள் மேல் கோபமும் போகவில்லை, உங்களைத் தேடுவதும் போகவில்லை. சின்னவளுக்குக் கெட்சியா என்றே பதிகிறேன். ஆனால் அதற்கு முன்னால் மூத்தவளுக்கு ஒரு பெயர் வைத்து, அதைக் கல்லில் வெட்டுவிப்பேன். இது சத்தியம். என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை. நீங்கள் இப்போது அவளோடு இருந்தால், அவளை என்னவென்று கூப்பிடுகிறீர்கள், அப்பா?

இரண்டு பெண்பிள்ளைகளின் தாய்,
உங்கள் கடைசி மகள் டிலானி