பூஜை லீவில் நேபாளம் போனோம், அக்கா

என் அருமை ருக்கு அக்காவுக்கு,

நம் கல்கத்தா தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு நேபாளப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு பழைய வேனில் எல்லை தாண்டிப் போய் மலை ஏறிவிட்டு வந்தார்கள் என்று லேக் மார்க்கெட் முழுக்கப் பேச்சாம். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் உன்னிடம்தான் வந்து நிற்கிறது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். நான் உனக்கே எழுதுகிறேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டு போனபோது உன் பெண் ரேணுவுக்கு இரண்டு வயது. மறு வருஷமே உன் கணவருக்கு என்னைக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். குழந்தைக்குச் சித்தியை விட நல்லவள் யார் கிடைப்பாள் என்றார்கள் பெரியவர்கள். நானும் மறுக்கவில்லை. ரேணுவை வேறொருத்தி கையில் கொடுக்க எனக்கும் மனசில்லை.

ஆனால் அக்கா, பாவாடை தாவணி போட்ட நாளிலிருந்து அவரை 'அத்திம்பேர்' என்று கூப்பிட்டவள் நான். கல்யாணத்துக்கு மறுநாள் காபியோடு போய் நின்றால் வாயில் ஒன்றும் வரவில்லை. அத்திம்பேர் என்று இனிமேல் சொல்ல முடியாது. 'ஏன்னா' என்பது நீ கூப்பிட்டது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? தம்ளரைக் கொஞ்சம் ஓசையாக மேஜையில் வைத்தேன். அவர் திரும்பினார். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

அவரும் என்னோடு ரேணு வழியாகத்தான் பேசுவார். ரேணுவுக்குப் பால் ஆச்சா, ரேணுவுக்கு ஸ்வெட்டர் வாங்கணுமா. சண்டை இல்லை, மரியாதைக் குறைவு இல்லை. பவானிபூர் வீட்டுச் சமையலறையில் நீ வைத்த டப்பாக்கள் நீ வைத்த இடத்திலேயே இருந்தன. உன் படம் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் இருந்தது. உன் பெயரை நாங்கள் இருவரும் ஒரு தடவை கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஒரு டச்சுத் தம்பதியை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். தங்கள் நாட்டிலிருந்து தரை வழியாகவே வேன் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். அதைக் கப்பலில் ஏற்றக் கிடர்பூர் துறைமுகத்தில் இவருடைய ஆபீஸ் மூலமாகக் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு சின்னத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை. "இதுல ஒரு குடித்தனமே இருக்கே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் காதில் விழுந்திருக்கிறது.

சில மாசம் கழித்து, ஒரு ரொட்டிக் கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய வேனை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தச்சனைக் கூப்பிட்டுப் படுக்கைப் பலகை அடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டையில் கிரீஸோடு அதற்கு அடியில் படுத்துக் கிடந்தார். வாடகைக்கு விடப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"பூஜை லீவுல நேபாளம் போலாமா? நீயும் நானும்."

நீயும் நானும். இந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். போகலாம் என்று தலையை ஆட்டினேன்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோட்டிலா தூங்கப் போகிறீர்கள், ஊர் என்ன சொல்லும் என்று புலம்பினாள். ஆனாலும் ரேணுவைத் தன்னோடு லேக் மார்க்கெட் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. உன் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாமே புதிதாக, சின்னதாக வாங்கினேன். உனக்கு டிராமில் நாலு நிறுத்தம் போனாலே வயிற்றைப் புரட்டும்; வேனில் நீ கால் வைத்தே இருக்க மாட்டாய். அதனால் அந்த வேனில் உன்னை நினைவுபடுத்த ஒன்றுமே இல்லை. அங்கே எதை எங்கே வைப்பது என்று நான் முடிவு செய்தேன். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்வாயா?

துர்கா பூஜைப் பந்தல்களில் டாக் மேளம் ஆரம்பித்த அன்று கிளம்பினோம். அஸன்சோல் தாண்டி, மொகாமாவில் கங்கைப் பாலம் தாண்டி, ரக்ஸோலில் எல்லை. வெயில் ஏறினால் வேனுக்குள் பழைய ரொட்டி வாசனை கிளம்பும். எங்களுக்கு எந்நேரமும் பசித்தது. நேபாளத்து மலைப்பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. ஹாண்ட் பிரேக்கை நம்ப முடியாது. நிறுத்தினால் நான் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். ரேடியேட்டர் கொதிக்கும்போதெல்லாம் ஓடையில் தண்ணீர் பிடித்து வருவதும் நான்தான். அவர் ஓட்டினார், நான் கல்லைப் போட்டேன். அதற்குப் பேச வேண்டி இருந்தது. "போட்டாச்சா?" "போட்டாச்சு." இவ்வளவுதான். ஆனால் அது ரேணுவைப் பற்றிய பேச்சு இல்லையே.

பொக்ராவில் ஏரிக்கரை டீக்கடைக்காரர் ஒருவர் பொறுப்பில் வேனை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தோம். புடவையைத் தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூவும் அவருடைய காலுறையும் போட்டுக்கொண்டு நான் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வழியெல்லாம் கல்படிகள். ஓரிடத்தில் படிகள் வானத்துக்கே போகிற மாதிரி ஏறிக்கொண்டே இருந்தன. அதை ஏறி முடித்த மறுநாள் ஒரு காடு. மரங்களெல்லாம் பாசி போர்த்தியிருந்தன.

அவர் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். காலில் அட்டை ஏறியிருக்கிறதோ என்று நான் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தால், பாதை முழுக்க மூடுபனி. சற்று நடந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் போனேன். அவரைக் காணோம். திரும்பி வந்து மற்றதில் போனேன். அதிலும் காணோம்.

கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவேன்? பயத்தில் பழக்கத்திலேயே 'அத்திம்பேர்' என்று வந்தது. பனி அதை விழுங்கிவிட்டது. நான் நிற்கிற இடமே எனக்குத் தெரியவில்லை. மூச்சை இழுத்து, இருக்கிற பலமெல்லாம் சேர்த்து, "ரகு" என்று கத்தினேன். மறுபடியும், மறுபடியும். நம் வீட்டில் எந்தப் பெண்ணாவது புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாளா?

"வத்சலா" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

சரிவில் மரத்தைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தார். முழங்கால் முழுக்கச் சேறு, முகம் வெளுத்திருந்தது. நான் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடைப் பக்கம் இறங்கித் தேடியிருக்கிறார். ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"உன்னையும் தொலைச்சுட்டேன்னு நெனச்சேன், வத்சலா."

அவ்வளவு பெரிய மனுஷர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், அக்கா. உனக்காக அவர் அழுததை அதுவரை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னொரு தரம் கூப்பிடு."

மெதுவாகக் கூப்பிட்டேன்.

அங்கிருந்து மேல் கிராமம் வரைக்கும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. கல்யாணமாகி, எங்களுக்கு முன்னால் நீ கல்கத்தாவுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, அந்த பௌதி, 'ஜல் காபோ', அதாவது 'தண்ணீர் தின்பேன்' என்றாளாமே, இந்த ஊரில் தண்ணீரைத் தின்பார்கள் போலிருக்கிறது என்று நீ தம்ளரோடு ஸ்பூனையும் வைத்துக் கொடுத்தாயாமே. இதை ஏன் என்னிடம் நீ சொல்லவே இல்லை? சிரித்துச் சிரித்து ஏற மூச்சு இல்லாமல் நின்றோம். சின்ன வயதில் நீ செய்த அழும்புகளை நான் சொன்னேன். அவருக்குத் தெரியாத ருக்கு என்னிடம் இருந்தாள். எனக்குத் தெரியாதவள் அவரிடம் இருந்தாள்.

மறுநாள் அவர்களுக்குத் தசைன், நம் விஜயதசமி. தங்கியிருந்த வீட்டு அம்மாள் தயிரும் அரிசியும் குங்குமமும் பிசைந்து எங்கள் இருவர் நெற்றியிலும் அப்பி ஆசீர்வாதம் பண்ணினாள். எத்தனை குழந்தைகள் என்று இந்தியில் கேட்டாள். ஒரு பெண் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவரைப் பார்த்தேன். "ஆமாம், ஒரு பொண்ணு" என்று அவரும் சொன்னார்.

அன்று காலை வெளுத்தபோது வெண்மலைகள் முழுசாகத் தெரிந்தன. அதை எழுத எனக்குத் தெரியாது. அவர் தன் சால்வையில் பாதியை எனக்குப் போர்த்தியபடி நின்றார் என்று மட்டும் எழுதுகிறேன்.

இப்போதைய சமாசாரம் கேள். மெட்ரோ ரயிலுக்காக நம் தெருப் பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வாசலுக்குப் போவதே இன்னொரு மலை ஏறுகிற மாதிரி. சமையலறையில் டப்பாக்களை என் உயரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்துவிட்டேன். அம்மா எதிரில் ரகு என்று கூப்பிட்டேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்; இப்போது பழகிவிட்டது. உன் படத்தை அவரே பீரோவிலிருந்து எடுத்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

உன் பெண் தமிழை விட வங்காளம் நன்றாகப் பேசுகிறாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அது அப்படியே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அம்மா என்பது உன் இடம். நேற்று படத்துக்குக் கீழே நின்று உன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, "சித்தி, அம்மா ஏன் இப்படி ஹாசறா? யார் ஜோக் சொன்னா?" என்று கேட்டாள். படம் பிடித்த அன்று நடந்ததையெல்லாம் ரகு அவளை மடியில் உட்காரவைத்துச் சொன்னார். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் நிறுத்தவில்லை.

வருகிற பூஜை லீவில் ரேணுவையும் கூட்டிக்கொண்டு பூடான் பக்கம் போகப் போகிறோம். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவாள். வழி நெடுக உன் கதைகளைச் சொல்லிக்கொண்டு போவோம், நல்லதையும் சொல்வோம், நீ முரண்டு பிடித்ததையும் சொல்வோம். உன் பெண்ணுக்கு நீ வெறும் படமாக இருக்க நான் விடமாட்டேன், அக்கா. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் தங்கை,
ரேணுவின் சித்தி,
வத்சலா